ஆன்சைட் போகிற வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை

சென்னையிலோ கோவையிலோ மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவருக்கு டோக்கியோ மாற்றல் வருகிறது. இரண்டு வருடம், வேலை நீண்டால் மூன்று. வீட்டில் ஐந்து வயதிலோ ஏழு வயதிலோ ஒரு பிள்ளை. விசா, விமான டிக்கெட், வாடகை வீடு எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். எந்தப் பள்ளி என்பதை மட்டும் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவும் பெரும்பாலான குடும்பங்களில் யோசிக்கப்படாமலே எடுக்கப்படுகிறது: இந்தியப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்யப் போன இந்தியப் பொறியாளர்கள் எடோகாவா வார்டின் நிஷி கசாய் பகுதியில் குடியேறத் தொடங்கினார்கள். 2004இல் இந்தியா இண்டர்நேஷனல் ஸ்கூல், 2006இல் குளோபல் இந்தியன் இண்டர்நேஷனல் ஸ்கூல் என அந்தப் பக்கமாகவே பள்ளிகள் வந்தன. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், ஆங்கில வழி, பிள்ளை ஊர் திரும்பினால் விட்ட இடத்தில் தொடரலாம் என்ற நிம்மதி. இந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலையைப் பெற்றோர் சரியாக எடை போடவில்லை என்பதே என் வாதம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, இரண்டு மூன்று வருடத் தங்கலுக்கு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஜப்பானிய அரசுத் தொடக்கப்பள்ளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தியப் பள்ளிகளில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அவை தீர்த்துவைக்கும் சிக்கல் சிறியது. கைக்குக் கிடைக்காமல் செய்வது பெரியது.

முதலில், 'பாடம் விட்டுப்போகும்' என்ற பயம். இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நியாயமான பயம். ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரையிலான பாடத்தை எடுத்து மேசைமேல் பரப்பிப் பார்த்தால் அதன் அளவு புரியும்: கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, பின்னத்தின் தொடக்கம், சுற்றுச்சூழல் பாடத்தில் தாவரமும் நீரும் காற்றும், மொழியில் வாசிப்பும் நான்கு வரி எழுதுவதும். ஜப்பானியப் பள்ளியிலும் இரண்டாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வைக்கிறார்கள். நான்காம் வகுப்பு மாணவர்களின் கணக்குத் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வில் 2019இல் ஜப்பான் பெற்ற புள்ளி 593. உலகின் முதல் ஐந்து இடங்களுக்குள் அது இருந்தது. நம் பக்கம் பார்ப்போம். சர்வதேச அளவில் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா தேர்வில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009 சுற்றில் கலந்துகொண்டன. பங்கேற்ற 74 பகுதிகளில் கடைசி மூன்று இடங்களில் இரண்டு நம்முடையவை. அடுத்த சுற்றில் இந்தியா விலகிக்கொண்டது. அந்தத் தேர்வின் மொழியும் கேள்விகளும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்ற வாதத்தில் உண்மை இருக்கலாம். என்றாலும், ஜப்பானியத் தொடக்கப்பள்ளியில் மூன்று வருடம் கணக்குப் படித்த பிள்ளை திரும்பி வரும்போது பின்தங்கியிருக்கும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. ஆங்கிலம் பின்தங்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் ஐந்தாம் வகுப்பில்தான் ஆங்கிலம் முறையான பாடமாகிறது, அதுவும் 2020 முதல்தான். அதை வீட்டில் ஈடுகட்டியாக வேண்டும். ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்துக்காட்டும் பெற்றோர் இருக்கிற வீட்டில் இது முடியாத காரியமே அல்ல.

திரும்பி வரும்போது உண்மையில் இடிக்கும் இடம் பாடத்தில் இல்லை, வகுப்பில் இருக்கிறது. இதைப் பற்றிப் பெற்றோர் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறு வயது நிறைந்த பிள்ளைதான் ஒன்றாம் வகுப்பில் நுழைய முடியும். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தாலே ஒன்றாம் வகுப்பு. 2019 ஜூன் தொடக்கத்தில் பிறந்த பிள்ளை இங்கே 2024 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அங்கே 2026 ஏப்ரலில்தான். அதாவது இங்கே மூன்றாம் வகுப்பில் உட்காரும் வயதில் அங்கே ஒன்றாம் வகுப்பு. பிறந்த மாதத்தைப் பொறுத்து இந்த இடைவெளி ஒரு வகுப்பாகவோ இரண்டு வகுப்பாகவோ இருக்கும். ஏற்கெனவே இங்கே இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அங்கே வயதுப்படி மறுபடி சின்ன வகுப்பில் வைப்பார்கள். இதைக் கேட்டதும் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், இடையில் பள்ளியை விட்ட பிள்ளையையும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. தொடக்கக் கல்விக்கு நுழைவுத் தேர்வு வைப்பதைத் தடுக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் தனியார் பள்ளிகள் இடமில்லை என்று சொல்லும், பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கும். அந்தச் சிரமம் டோக்கியோவில் சி.பி.எஸ்.இ. படித்துத் திரும்பும் பிள்ளைக்கும் உண்டு. ஒரு வகுப்பு கீழே சேர்ந்தாலும், தன் வயதுக்குரிய முதிர்ச்சியோடு ஒரு பிள்ளை படிப்பது கேடு என்று எவரும் நிரூபித்ததில்லை.

உள்ளூர்ப் பள்ளிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. 'சின்னப் பிள்ளைகள் மொழியைத் தானாகப் பிடித்துக்கொள்வார்கள்' என்பது பாதி உண்மை. விளையாட்டிலும் சாப்பாட்டு வேளையிலும் பேசுகிற மொழி வேறு, பாடப்புத்தகத்தின் மொழி வேறு என்று கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் பிரித்துக் காட்டினார். முன்னது வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், பின்னது வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது அதன் பிறகு வந்த ஆய்வுகளின் முடிவு. ஜப்பானிய மொழியில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும். ஹிரகானாவின் 46 எழுத்துகளையும் நம் பிள்ளை சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். அந்த அட்டவணையின் அ, இ, உ, எ, ஒ வரிசையும் க, ச, த, ந என்று போகும் முறையும் இந்திய எழுத்திலக்கணம் பௌத்தத்தோடு ஜப்பான் போய்ச் சேர்ந்ததன் தடம் என்பதால் உயிர்மெய் வரிசை படித்த பிள்ளைக்கு அது பழகிய வீடு மாதிரி இருக்கும். அதற்கு மேல் காஞ்சி எழுத்துகள் வருகின்றன: முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200. மூன்று வருடத்தில் பிள்ளை ஜப்பானியத்தில் ஆழமாக வாசிக்கும் நிலைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வந்ததும் நிலைக்காது. மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்கள் தத்தெடுத்த கொரியப் பிள்ளைகளை, அவர்கள் பெரியவர்களான பிறகு, 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதித்தார்கள். கொரிய மொழியைக் கேட்டபோது அவர்களின் மூளை, கொரியமே அறியாத பிரெஞ்சுக்காரர்களின் மூளையிலிருந்து வேறுபட்டு இயங்கவில்லை. தத்தெடுக்கப்பட்ட சீனக் குழந்தைகளை வைத்து 2014இல் கனடாவில் நடந்த ஆய்வு, ஒலிகளின் சுவடு மூளையில் எங்கோ தங்குகிறது என்று காட்டியது; ஆனால் பேச்சு போய்விட்டது. ஊர் திரும்பிய ஆறேழு மாதத்தில் பிள்ளையின் ஜப்பானியம் கரையத் தொடங்கும். மொழிக்காக உள்ளூர்ப் பள்ளி என்று போனவர்கள் அப்போது ஏமாறுவார்கள்.

பிறகு எதற்காக? அந்த மூன்று வருடமும் பிள்ளையின் வாழ்க்கை என்பதற்காக. ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஒரு பிள்ளைக்கு அது ஏறக்குறைய நினைவு தெரிந்த காலம் முழுவதும். அதை ஊர் திரும்புவதற்கான காத்திருப்பாக்கிவிடுவது எந்த வகையில் நியாயம்? ஜப்பானிய வார்டுப் பள்ளியின் நாளை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பள்ளிக்கு நடந்தே போகிறது. பல இடங்களில் தெருப்பிள்ளைகள் கூட்டாக, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்கப் போகிறார்கள். உள்ளே நுழைந்ததும் வெளிக்காலணியைக் கழற்றி உட்காலணி. மதிய உணவைப் பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். பிறகு வகுப்பறையையும் நடைவழியையும் பிள்ளைகள் கூட்டித் துடைக்கிறார்கள். விளக்குமாறு பிடிப்பது யாருடைய வேலை என்ற கேள்வி சாதியோடு பிணைந்து கிடக்கிற ஒரு சமூகத்திலிருந்து போகும் பிள்ளைக்கு, எல்லோரும் சேர்ந்து தரை துடைக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை எந்தப் பாடத்திட்டமும் தர முடியாது. இதைத் தொண்டாகவோ தண்டனையாகவோ அங்கே செய்வதில்லை. காலையில் வணக்கம் சொல்வதுபோல அதுவும் பள்ளி நாளின் ஒரு பகுதி. மாலையில் வகுப்புத் தோழன் அடுத்த தெருவில் இருக்கிறான், பூங்காவில் சந்திக்கலாம். பேருந்திலோ ரயிலிலோ போய்வரும் பள்ளியில் தோழமை பெரும்பாலும் பள்ளி வாசலோடு நின்றுவிடும். அதோடு, இந்தியப் பள்ளியின் வகுப்பில் இருப்பவர்களில் பலர் தாங்களும் தற்காலிகமாக வந்தவர்கள். ஒப்பந்தம் முடிய முடிய நண்பர்கள் புறப்பட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

தாயையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். டிபென்டென்ட் விசாவில் வந்து, வேலை இல்லாமல், நாலு சுவருக்குள் மொழி தெரியாமல் இருப்பவர் பெரும்பாலும் அவர்தான். பிள்ளையின் வகுப்புத் தோழர்களின் அம்மாக்கள்தான் அந்தத் தெருவுக்குள் அவருக்குத் திறக்கும் முதல் கதவு. இந்தியக் குடியிருப்பும் இந்தியப் பள்ளியும் தரும் துணை எளிதானது, உடனே கிடைப்பது. அது மட்டுமே இருந்தால் மூன்று வருடம் டோக்கியோவில் இருந்தும் டோக்கியோவைச் சேராமல் திரும்பிவிடுவார்கள்.

இதே கேள்வியை ஜப்பானியர்கள் நமக்கு முன்பே பெரிய அளவில் சந்தித்திருக்கிறார்கள், அதனால் அவர்கள் அனுபவம் நமக்குப் பயன்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களின் தொழில் நிறுவனங்கள் உலகெங்கும் கிளை பரப்பியபோது, ஊழியர்களோடு பிள்ளைகளும் போனார்கள். அவர்களுக்காக இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, ஜப்பானியப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் முழுநேர ஜப்பானியப் பள்ளி; ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃபில் 1971இல் தொடங்கியது அப்படி ஒன்று. இன்று உலகில் 90க்கு மேற்பட்ட பள்ளிகள் இந்த வகையில் இருக்கின்றன. ஆசிய நகரங்களில் இவைதான் அதிகம். மற்றொன்று, வார நாள்களில் உள்ளூர்ப் பள்ளி, சனிக்கிழமை மட்டும் ஜப்பானியமும் கணக்கும் சொல்லித்தரும் துணைப்பள்ளி. வாஷிங்டனில் 1958இல் தொடங்கிய இந்த முறையில் இன்று 200க்கு மேற்பட்ட பள்ளிகள் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான ஜப்பானியக் குடும்பங்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. வெளிநாட்டில் வாழும் தன் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி வகுப்புகளின் பாடநூல்களை ஜப்பான் அரசு இலவசமாக அனுப்புகிறது. திரும்பி வந்த பிள்ளைகள் படிப்பில் சேதமாகிவிட்டார்கள் என்ற கவலை 1970களில் ஜப்பானை உலுக்கியது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தனிப் பள்ளிகள் தேவைப்பட்டன. 1990இல் வெளிவந்த தன் நூலில் மானிடவியலாளர் ரோஜர் குட்மன் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டார். சிக்கலான பிள்ளைகள் என்று பேசப்பட்டவர்கள் சமூகத்தில் சலுகை பெற்ற ஒரு கூட்டமாகவே ஆகிவிட்டார்கள், பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கின என்று அவர் காட்டினார். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு மாற்றலாகும் நம் மென்பொருள் குடும்பங்களும் அப்படிப்பட்டவைதானே.

சனிக்கிழமைப் பள்ளி முறையில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். எல்லாப் பாடத்தையும் அது சுமப்பதில்லை. திரும்பும்போது இல்லாமல் போனால் வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை, தாய்மொழியில் எழுதப் படிக்கும் திறனை, மட்டும் காப்பாற்றுகிறது. நம் குடும்பங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது, பிறகு சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட மற்றப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் அது விரிவானது. ஆகவே தமிழ்நாட்டுக்குத் திரும்பும் பிள்ளைக்கு நான்காம் வகுப்பில் காத்திருக்கும் உண்மையான இடர், கணக்கை விடத் தமிழ் வாசிப்புதான். டோக்கியோவின் ஆங்கில வழிப் பள்ளியில் படித்தாலும் இந்த இடர் குறைவதில்லை. பல வீடுகளில் ஆங்கிலம் பள்ளியிலிருந்து நழுவி வீட்டுக்குள் வந்து தமிழைத் தள்ளிவிடுகிறது. ஜப்பானியம் அப்படி வீட்டுக்குள் வராது, ஏனென்றால் பெற்றோருக்கு அது தெரியாது. உள்ளூர்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும் வாய்ப்பு அதிகம் என்பது நான் எதிர்பார்க்கும் பலன்களில் ஒன்று. எழுத்துக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். தமிழக அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே மழலைக் கல்வியிலிருந்து சான்றிதழ்ப் படிப்பு வரை வைத்திருக்கிறது. இந்த மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிற வீட்டுக்கு என் யோசனை பொருந்தாது.

இனி எதிர்வாதங்கள். மிக வலுவானது முதல் ஆறு மாதம். ஒரு வார்த்தையும் புரியாத வகுப்பில் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். சில பிள்ளைகள் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும். இதைச் சாதாரணம் என்று தள்ளுவது கொடுமை. மௌனக் கட்டம் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடந்து போகும் என்றாலும், எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி கைகொடுப்பதில்லை. ஜப்பானிய மொழியில் தனி உதவி தேவைப்படும் மாணவர்கள் அரசுப் பள்ளிகளில் 58,000க்கு மேல் என்பது 2021 கணக்கு. வழக்கமான வகுப்பிலிருந்து சில மணி நேரம் தனியே அழைத்து மொழி சொல்லித்தருவது 2014 முதல் பாடத்திட்டத்தின் பகுதியாகவே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கான ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை. வீடு தேடும்போது ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்பதற்கு முன், அந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது, அங்கே ஜப்பானிய மொழி வகுப்பு உண்டா என்று வார்டு அலுவலகத்தின் கல்விப் பிரிவில் கேட்க வேண்டும். பிள்ளையின் மௌனத்தைக் கற்றல் குறைபாடாகப் பார்க்கும் பிழையும் நடக்கும். ஏற்கெனவே பேச்சிலோ வாசிப்பிலோ சிரமம் உள்ள பிள்ளையானால், புரிந்த மொழியில் நடக்கும் பள்ளியே சரி. இங்கே என் வாதத்தை நானே நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. மதிய உணவில் மாட்டிறைச்சியும் பன்றியும் மீன் சாறும் வரும். சாம்பார் சாதம் கட்டிக்கொடுக்கலாமா என்று பள்ளியிடம் பேச வேண்டும். மத, உடல் காரணங்களுக்காக வீட்டு உணவை அனுமதிக்கும் பள்ளிகள் உண்டு. தன் டப்பா மட்டும் வேறாக இருப்பது பிள்ளைக்கு முதலில் கூச்சமாக இருக்கும். அடுத்த பயம் கேலியும் சீண்டலும். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளையை ஒதுக்கி வதைப்பது நாடறிந்த சிக்கல்; ஓட்சு நகரில் 2011இல் ஒரு மாணவனின் மரணத்துக்குப் பிறகு 2013இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. இந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தொடக்கப்பள்ளியின் கீழ் வகுப்புகளில், புதிதாக வந்த பிள்ளை விநோதமாகவே பார்க்கப்படுகிறது; மேல் வகுப்புகளிலும் நடுநிலைப் பள்ளியிலும் குழுக்கள் இறுகிவிடும். பத்து வயது என்று நான் கோடு போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பதினொரு வயதில் போகும் பிள்ளைக்குக் காஞ்சியும் கடினம், நட்பும் கடினம், திரும்பினால் எட்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு நிஷி கசாய் பக்கத்துப் பள்ளிகளே நல்லது.

'மூன்று வருடம் என்று போய் எட்டு வருடம் ஆகிவிட்டால்?' என்று கேட்பார்கள். ஆகட்டும். அப்போது உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பாடமொழி வந்திருக்கும், அங்கேயே மேலே படிக்கும் வழியும் திறந்திருக்கும். தங்கல் நீளுகிறதா என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பதறிக்கொண்டிருக்க வேண்டியது இந்தியப் பள்ளிப் பிள்ளையின் வீடுதான்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் விஷயம் எளிது. 2019 அக்டோபர் முதல் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் முன்பள்ளிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. வரம்புக்கு உட்பட்டு, வெளிநாட்டுக் குடும்பங்களுக்கும் அது உண்டு. முழுநாள் காப்பகமான ஹோய்குயென் கிடைக்கப் பெற்றோர் இருவரும் வேலையில் இருப்பது போன்ற காரணம் வேண்டும் என்பதால் அது நம்மவர் பலருக்கு அமையாது. அரை நாள் நடக்கும் யோசியென் அமையும். மொழிக்கு இதைவிட மென்மையான நுழைவு இல்லை. ஐந்து வயதில் ஒரு வருடம் அங்கே விளையாடிய பிள்ளை ஒன்றாம் வகுப்பில் மௌனமாக உட்காராது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜப்பானில் கட்டாயக் கல்வி பொருந்தாது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சேர்ப்பதும் சேர்க்காததும் நம் விருப்பம். ஆகவே யாரும் வீடு தேடி வந்து கேட்கமாட்டார்கள். 2019இல் கல்வி அமைச்சகம் எடுத்த கணக்கில், எந்தப் பள்ளியிலும் சேராமல் இருக்கக்கூடிய வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய 20,000 என்று தெரிந்து அந்த நாடே அதிர்ந்தது. குடிபுகுந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதியும்போதே பள்ளிச் சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கலாம். படிப்பும் பாடநூலும் இலவசம். முதுகுப்பை, உட்காலணி, விளையாட்டு உடை, சாப்பாட்டுக் கட்டணம் போன்றவை நம் செலவு. பல வார்டுகளில் சாப்பாடும் இப்போது இலவசம். மேலைநாட்டு சர்வதேசப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 20 லட்சம் யென்னைத் தாண்டும், இந்தியப் பள்ளிகளில் அதைவிட மிகக் குறைவு. இங்கேதான் நிறுவனங்களின் பங்கு வருகிறது. பிள்ளைகளுக்கான கல்விப் படி கட்டண ரசீது காட்டினால்தான் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கட்டணமில்லாத பள்ளியைத் தேர்ந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தப் பணம் பள்ளிக்கு வேண்டாம். பிள்ளைக்கு முதல் வருடம் வாரம் இரண்டு நாள் ஜப்பானிய ஆசிரியர், பள்ளி தினமும் அனுப்பும் குறிப்பேட்டையும் சுற்றறிக்கைகளையும் வாசித்துப் பதில் எழுத உதவ ஒருவர், தாய்க்கு ஒரு மொழி வகுப்பு. ஒரு சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தின் சிறு பகுதியில் இவ்வளவும் முடியும். மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியது இது. ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய பிள்ளையானால், முந்தைய இலையுதிர்காலத்தில் நடக்கும் சேர்க்கைக்கு முந்தைய உடல் பரிசோதனைக்கே அங்கே இருக்கும்படி பயணத் தேதியையும் பேசிக்கொள்ளலாம்.